ஜானி டாலரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது: பழைய ரேடியோ துப்பறியும் தொடருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1949 பிப்ரவரி முதல் 1962 செப்டம்பர் வரை, நடுவில் ஒரு வருட இடைவெளி போக, அமெரிக்காவின் சிபிஎஸ் ரேடியோவில் ஒரு துப்பறிவாளர் தன் செலவுக் கணக்கை வாசித்துக்கொண்டே இருந்தார். டாக்சிக்கு இவ்வளவு, ஹோட்டல் அறைக்கு இவ்வளவு, வாயைத் திறக்க மறுத்த சாட்சிக்கு வாங்கிக் கொடுத்த விஸ்கிக்கு இவ்வளவு. அந்த வரிகளுக்கு நடுவில்தான் கொலை, தீவைப்பு, காணாமல் போன வைரம், செத்துவிட்டதாக எல்லோரும் சொல்ல எங்கேயோ நிம்மதியாக உயிரோடு இருக்கும் ஆசாமி, எல்லாம் வரும். தொடரின் பெயர் "யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்". 700க்கும் மேற்பட்ட பகுதிகள் இன்றும் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன.

அதுதான் சிக்கலே. இவ்வளவு கிடைக்கிறதே என்று முதல் பகுதியில் இருந்து வரிசையாக ஆரம்பிப்பவர்கள் நாலைந்து கேட்டுவிட்டு, "என்னப்பா இது, ஓவர் பில்டப்பா இருக்கே" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ஆரம்பகாலப் பகுதிகள் அப்படித்தான் இருக்கும். இந்தத் தொடருக்குள் நுழைய வேண்டிய வாசல் 1955 அக்டோபர். இன்னொன்று, இதைக் கதையாக மட்டும் கேட்காமல் ஒரு பில்லாகவும் கேட்க வேண்டும். மீதி எல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்தான்.

முதலில், இந்த ஆள் என்ன வேலை செய்கிறார்

ஜானி டாலர் இன்சூரன்ஸ் புலனாய்வாளர். எந்த ஒரு கம்பெனிக்கும் சம்பள ஆள் கிடையாது, அழைக்கிறவர்களுக்கு வேலை செய்பவர். இருப்பது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில். பெரிய பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தலைமையகங்கள் நிஜமாகவே குவிந்திருந்த ஊர் அது. கம்பெனியில் இருந்து போன் வரும், விமானத்தையோ ரயிலையோ பிடித்துக் கிளம்புவார், விசாரிப்பார், கடைசியில் கணக்கை அனுப்புவார். கம்பெனிக்கு மிச்சப்படுத்திக் கொடுத்ததில் ஒரு சதவீதம் கமிஷன், அதற்கு மேல் செலவுத்தொகை.

மற்ற ரேடியோ துப்பறிவாளர்களின் அலுவலகத்துக்கு யாராவது ஒரு அழகான பெண் பதற்றத்தோடு வந்து கதவைத் தட்டுவாள். இங்கே வருவது ஒரு க்ளெய்ம். அதனால் "யார் கொன்றது" என்பதற்கு முன்னால் "இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா, கூடாதா" என்ற கேள்வி நிற்கிறது. செத்தவர் நிஜமாகச் செத்தாரா, திருடு போனது நிஜமாகத் திருடு போனதா என்பதில் இருந்தே சந்தேகம் ஆரம்பித்துவிடுவதால், துப்பறியும் கதை நிறையக் கேட்டுப் பழகியவர்களுக்குக்கூட இது புதிதாக இருக்கும்.

படி 1: ஒலிப்பதிவுகளை ஒழுங்குபடுத்துவது

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் தேடினால் முழுத் தொகுப்புகளும் கிடைக்கும். ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் என்ற ஆர்வலர் குழு தேதி, பெயர் எல்லாம் சரிபார்த்துத் தொகுத்ததை எடுத்துக்கொள்வது நல்லது. மற்றவற்றில் ஒரே பகுதி இரண்டு பெயரில் இருக்கும், தேதி மாறிக் கிடக்கும்.

இறக்கியதும் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். பெயரை நம்ப வேண்டாம். 1950களின் கதைகள் பெரும்பாலும் "தி இன்னார் மேட்டர்" என்றுதான் முடியும், அந்த "இன்னார்" பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். தேதிதான் நிலையானது.

அப்புறம் கோப்பின் நீளத்தைப் பாருங்கள். 1955-56 பகுதிகள் ஒவ்வொன்றும் கால் மணி நேர ஒலிபரப்பு. ஒரே கோப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது என்றால் யாரோ ஐந்தையும் ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். முடிந்தால் ஒட்டாததைத் தேடுங்கள், காரணம் மூன்றாவது படியில் இருக்கிறது.

சில பிரதிகளில் விளம்பரமே இருக்காது, அந்த இடத்தில் வெறும் இசை நிரப்பியிருக்கும். வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக ஆர்ம்டு ஃபோர்சஸ் ரேடியோ சர்வீஸ் விளம்பரத்தை வெட்டிவிட்டு அனுப்பிய பிரதிகள் அவை. பழைய ரேடியோ நிகழ்ச்சிகள் பல தப்பிப் பிழைத்ததே இந்தப் படைவீரர் பிரதிகளின் புண்ணியத்தில்தான், எனவே முகம் சுளிக்காமல் கேளுங்கள். டேப்பில் இருந்து மாற்றும்போது வேகம் கூடிக் குறைந்திருப்பதும் உண்டு. நாயகன் குரல் திடீரென்று பள்ளிக்கூடப் பையன் குரல் மாதிரி ஒலித்தால் ப்ளேயரில் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

படி 2: ஆறு ஜானிகளில் யாரைத் தேர்ந்தெடுப்பது

1948 டிசம்பரில் டிக் பவல்தான் இதற்கு மாதிரிப் பகுதி பதிவு செய்தார், ஆனால் ஆறு பேர் கணக்கில் அவர் சேர்த்தி இல்லை. அவர் வேறு துப்பறியும் தொடருக்குப் போய்விட, 1949இல் சார்லஸ் ரஸல் வந்தார். ஹோட்டல் பையன்களுக்கு வெள்ளி டாலர் நாணயத்தை டிப்ஸாகத் தூக்கிப் போடுவது அவருடைய அடையாளம், பெயருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று யோசித்திருப்பார்கள் போல, இரண்டாவது தடவையே அலுத்துவிடுகிறது. அடுத்து எட்மண்ட் ஓப்ரையன், 1950 முதல் 1952 வரை. சினிமா நடிகர், கரடுமுரடான குரல், எல்லோரிடமும் எரிந்து விழுவார். அதன்பின் ஜான் லண்ட், 1954 வரை. ஓப்ரையனைவிட மென்மை, ஆனால் கேட்டு முடித்தபின் மனதில் பெரிதாக எதுவும் நிற்காது.

பிறகு ஒரு வருடம் தொடரே இல்லை. 1955 அக்டோபர் 3ஆம் தேதி திரும்பி வந்தபோது ஆளும் மாறியிருந்தார், அமைப்பும் மாறியிருந்தது. பாப் பெய்லி நடிக்க, ஜாக் ஜான்ஸ்டோன் தயாரித்து இயக்கினார். இந்தப் பெய்லி ஆண்டுகள்தான் தொடரின் உச்சம் என்று பழைய ரேடியோ ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். ரஸலும் ஓப்ரையனும் துப்பறிவாளர் மாதிரி பேசினார்கள். பெய்லி மனிதன் மாதிரி பேசினார். களைத்துப் போவார், ஏமாறுவார், சந்தேகப்பட்ட ஆள் நல்லவன் என்று தெரிந்தால் குரலிலேயே அந்தச் சங்கடம் தெரியும்.

1960இல் தயாரிப்பு ஹாலிவுட்டில் இருந்து நியூயார்க்குக்கு மாறியபோது பெய்லி போகவில்லை. கொஞ்ச காலம் பாப் ரெடிக், 1961இல் இருந்து கடைசிவரை மண்டல் கிரேமர். கிரேமர் மோசமில்லை, நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் அவரை முதலில் கேட்காதீர்கள்.

படி 3: முதல் வாரம், ஐந்து இரவு

1955 அக்டோபர் முதல் 1956 நவம்பர் வரை ஒரு கதை ஐந்து துண்டுகளாக, திங்கள் முதல் வெள்ளி வரை, இரவுக்குக் கால் மணி நேரம் வந்தது. மற்ற ரேடியோ துப்பறிவாளர்கள் அரை மணி நேரத்தில் கொலை, விசாரணை, சண்டை, விளக்கம் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருக்க, இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. அந்த நேரத்தில்தான் பாத்திரங்கள் பாத்திரங்களாகின்றன. இரண்டாம் நாள் பொய் சொன்ன விதவை, நாலாம் நாள் வேறு பொய் சொல்கிறாள், நடுவில் இரண்டு நாள் அவளைப் பற்றி நீங்களே யோசித்து வைத்திருப்பீர்கள்.

எனவே இரவுக்கு ஒன்று வீதம் கேளுங்கள். ஒரே மூச்சில் ஐந்தையும் கேட்டால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் வரும் முன்கதைச் சுருக்கம் எரிச்சல் மூட்டும். ஒரு நாள் இடைவெளி விட்டுக் கேட்டால் அதே சுருக்கம் உதவியாகிவிடும், அதில் எதைச் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதே ஒரு துப்பு.

முதல் வாரத்துக்கு அக்டோபர் 3இல் தொடங்கும் "தி மக்கார்மக் மேட்டர்". அடுத்த வாரம் "தி மோலி கே மேட்டர்". இந்த இரண்டும் பிடித்துப்போனால் கவலையில்லை, அதே தேதி வரிசையில் போய்க்கொண்டே இருங்கள். பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடரே உங்களுக்கானது இல்லை, வேறு எங்கே போகலாம் என்று கடைசியில் சொல்லியிருக்கிறேன். ஐந்து பகுதி என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. 1956 அக்டோபரில் வந்த "தி ஃபேன்டம் சேஸ் மேட்டர்" ஒன்பது பகுதி. அதை ஆரம்பத்தில் தொடாதீர்கள், பெய்லியோடு நன்றாகப் பழகியபின் கேட்டால்தான் அந்த நீளம் தாங்கும்.

படி 4: பில்லைப் படிப்பது

கதை முழுவதும் "எக்ஸ்பென்ஸ் அக்கவுன்ட், ஐட்டம் ஒன்" என்று ஆரம்பித்து நகரும். கேட்கும்போது ஒரு தாளில் அந்த ஐட்டங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஐட்டம், எவ்வளவு, எந்த ஊர், யாரைப் பார்க்க. கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். செய்து பாருங்கள், கதையின் எலும்புக்கூடு தாளில் நிற்கும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கணக்கு வழக்கு முடிந்த பிறகு எழுதப்பட்டது. கதை சொல்லும் ஜானிக்கு முதல் வரியிலேயே குற்றவாளி யார் என்று தெரியும். தெரிந்துகொண்டே கம்பெனிக்கு வரிசையாகச் சொல்கிறார். ஒரு பகல் முழுவதையும் ஒரே ஐட்டத்தில் தாண்டிப் போகிறார் என்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதே ஆள் ஒரு டாலர் சொச்சம் செலவுக்கு நின்று, அந்த இடத்தில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று விவரிக்கிறார் என்றால் எழுத்தாளர் அங்கே எதையோ புதைத்திருக்கிறார், அல்லது வெறும் நகைச்சுவைக்காக நிற்கிறார். கணக்கில் கைவைப்பது ஜானிக்கு வழக்கம், அதைக் கம்பெனிக்காரர்கள் கிண்டலடிப்பதும் வழக்கம். துப்பு எது, கிண்டல் எது என்று பிரிக்க மூன்று நான்கு கதைகளில் பழகிவிடும்.

இன்னொரு விளைவு. கணக்கு எழுதியிருக்கிறார் என்றால் ஆள் உயிரோடுதான் இருக்கிறார், அதனால் "ஜானி சாவாரா" என்ற பதற்றம் வேலை செய்யாது. நல்ல எழுத்தாளர்கள் அந்தப் பதற்றத்தைப் பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது ஜானிக்காக இல்லை, அவருக்கு உதவி செய்ய ஒப்புக்கொண்டவருக்காக.

தொகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1955இன் ஒரு டாலர் விலைவாசிக் கணக்குப்படி இன்றைக்கு ஏறக்குறைய 11 டாலருக்கு மேல் வரும். 50,000 டாலர் பாலிசி என்று கேட்டதும் சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள், இன்றைய மதிப்பில் ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல், ஆள் கொல்லப் போதுமான பணம்.

படி 5: இன்சூரன்ஸ் மூளையோடு கேட்பது

இந்தத் தொடரில் குற்றவாளியை முன்கூட்டியே பிடிக்க வேண்டுமானால் கைரேகை, துப்பாக்கிக் குண்டு எல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை. அமெரிக்க இன்சூரன்ஸ் நடைமுறை கொஞ்சம் தெரிந்தால் போதும்.

பாலிசி எப்போது எடுக்கப்பட்டது என்று சொல்லும் இடத்தில் காதைத் தீட்டுங்கள். ஆயுள் பாலிசிகளில் தற்கொலை விதி ஒன்று இருக்கும், பொதுவாக முதல் இரண்டு ஆண்டுக்குள் தற்கொலை செய்துகொண்டால் முழுத்தொகை கிடைக்காது. ஆகவே புதிய பாலிசி, சாவு தற்கொலை மாதிரித் தெரிகிறது என்றால், அதை விபத்தாகக் காட்ட யாருக்கு அவசரம் என்று பாருங்கள். விபத்துச் சாவுக்கு இரட்டைத்தொகை கொடுக்கும் விதி இருந்தால் அந்த அவசரம் இரட்டிப்பாகும். பணம் வாங்கப் போகிறவரே கொலை செய்தது நிரூபணமானால் அவருக்கு ஒரு காசும் கிடையாது. அதனால்தான் இந்தக் கதைகளில் புத்திசாலிக் கொலைகாரன் பாலிசிப் பணம் தன் பெயருக்கு வரும்படி வைத்துக்கொள்ள மாட்டான், பணம் வாங்கப் போகிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளத் திட்டம் போடுவான். "வேறொரு ஆள்" என்று போகிற போக்கில் யாராவது சொன்னால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

உடல் கிடைக்காத சாவு தனி ரகம். கடலில் விழுந்தார், படகு கவிழ்ந்தது, பிணம் இல்லை. காணாமல் போன ஆளை இறந்ததாகக் கருத அமெரிக்காவில் ஏழு ஆண்டு காத்திருப்பது மரபான விதி. அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க ஒரு சாட்சி வேண்டும், அவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல. அந்தச் சாட்சிதான் உங்கள் ஆள், அல்லது உங்கள் ஆளிடம் காசு வாங்கியவர்.

தீ விபத்து என்றால் எரிந்ததைவிட எரியாததைக் கேளுங்கள். கிடங்கு எரிவதற்கு முந்தின வாரம் சரக்கு வெளியே போனதா, முதலாளி குடும்பப் போட்டோக்களை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனாரா. நகைத் திருட்டு என்றால் கணக்கு வேறு. முழு க்ளெய்மையும் கொடுப்பதைவிடத் திருடனுக்கு ஒரு பங்கு கொடுத்து நகையைத் திரும்ப வாங்கினால் கம்பெனிக்கு லாபம். ஜானி அந்த அசிங்கமான பேரத்தின் நடுவில் நிற்கும் கதைகள்தான், என் ரசனைக்கு, கொலைக் கதைகளைவிட மேல்.

படி 6: காதால் துப்பு பிடிப்பது

ஹெட்போன் போடுங்கள், கண்ணை மூட வேண்டும் என்றெல்லாம் இல்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம். ஆனால் குழாய்த் தண்ணீர் சத்தத்தில் ஒரு கதவு மூடும் சத்தத்தைத் தவறவிட்டால் கதை புரியாது.

ரேடியோவில் காட்ட முடியாததால் துப்பு ஒன்று பேசப்பட வேண்டும், அல்லது ஒலிக்க வேண்டும். "கையில் என்ன, க்ளாஸா?" என்று ஒரு பாத்திரம் தேவையில்லாமல் கேட்டால் அந்த க்ளாஸ் திரும்பி வரும். போனில் பேசுகிறவரின் குரலை வடிகட்டி மெலிதாக்கித் தருவார்கள். அப்படி மெலியாத போன் குரல் வந்தால் அந்த ஆள் பக்கத்து அறையில் இருக்கிறாரோ என்றுகூட யோசிக்கலாம், பல நேரம் வெறும் தயாரிப்புக் கோளாறாகத்தான் இருக்கும்.

பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் ஓயாமல் பெயர் சொல்லி அழைப்பது முதலில் செயற்கையாகப் படும். முகம் இல்லாத இடத்தில் யார் பேசுகிறார் என்று தெரிவிக்க அதுதான் வழி. அதே காரணத்தால் ஒரு கதையில் ஐந்தாறு குரலுக்கு மேல் இருக்காது, காது அதற்கு மேல் தாங்காது, சம்பளமும் கட்டுப்படியாகாது. ஆகையால் குற்றவாளி நீங்கள் ஏற்கெனவே கேட்ட குரல்தான். அரை மணி நேரக் கதையில் முதல் பத்து நிமிடத்துக்குள் பேசாத ஆள் கொலைகாரனாக இருப்பது அபூர்வம்.

குரல்களை அடையாளம் காணப் பழகுவது அடுத்த நிலை. ஹாலிவுட்டில் ஒரு சிறிய நடிகர் கூட்டமே எல்லாத் தொடர்களிலும் மாறி மாறி வந்தது. வர்ஜீனியா கிரெக், பார்லி பேர், ஜான் டெனர், லாரன்ஸ் டாப்கின், ஹெர்ப் விக்ரன். இரண்டு வரிக்கு மட்டும் வரும் ஹோட்டல் குமாஸ்தாவின் குரல் ஜான் டெனர் என்றால் அவர் மறுபடியும் வருவார் என்று ஊகிக்கலாம். சில நேரம் அதே நடிகர் அதே கதையில் வேறு வேடத்தில் வந்து உங்களைக் கவிழ்த்துவிடுவார், அதையும் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா கிரெக்கைத் தனியாகக் கவனியுங்கள். ஒரு வாரம் பணக்காரக் கிழவி, இன்னொரு வாரம் மதுக்கடைப் பெண், பிற்பாடு ஜானியின் காதலி பெட்டி லூயிஸ். நல்ல நடிகை என்றால் இவர்தான்.

மெக்சிகோக்காரர், ஆசியர் வேடங்களில் வெள்ளை நடிகர்கள் செய்யும் உச்சரிப்புக் கேலி இன்று கேட்கக் கூசும். அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை, மோசமாகப் போனால் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள், எழுநூறு இருக்கிறதே.

படி 7: ஐந்து பகுதிக் கதைகள் முடிந்த பிறகு

1956 நவம்பருக்குப் பின் தொடர் வாரம் ஒரு அரை மணி நேரமாகச் சுருங்கியது. பெய்லிதான், ஆனால் கதைகளில் அவசரம் தெரியும். ஈடுகட்டும் விதமாகத் திரும்பத் திரும்ப வரும் பாத்திரங்கள் உண்டு. இன்சூரன்ஸ் க்ளெய்ம்களைக் கையாளும் யுனிவர்சல் அட்ஜஸ்ட்மென்ட் பீரோவின் பாட் மெக்ராக்கன், நியூயார்க் போலீஸின் ராண்டி சிங்கர், கிறுக்குப் பணக்காரர் ஆல்வின் கார்ட்ரைட். இந்த ஆல்வினாக நடித்தவர் ஹோவர்ட் மெக்நியர், அவர் வரும் பகுதிகளில் துப்பைவிடச் சிரிப்பு அதிகம். ஜானிக்கு மீன்பிடிக்கும் வியாதி முற்றுவதும் இந்தக் காலத்தில்தான், மொஹாவி ஏரி என்ற பெயர் வந்தாலே வழக்கு கொஞ்சம் மெதுவாக நகரும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றில் பாதி கேட்டபின் ஓப்ரையனுக்குப் பின்னோக்கிப் போங்கள். பெய்லிக்குப் பழகிய காதுக்கு அவருடைய முரட்டுத்தனம் ஒரு மாறுதலாக இருக்கும், முதலில் கேட்டிருந்தால் வெறுத்திருப்பீர்கள். ரஸல் பகுதிகளில் ஒன்றிரண்டு போதும். கடைசியாக கிரேமர், 1962 செப்டம்பர் 30இல் ஒலிபரப்பான "தி டிப்-ஆஃப் மேட்டர்" வரை. அதே நாளில் "சஸ்பென்ஸ்" தொடரும் முடிந்தது, அமெரிக்க ரேடியோ நாடகத்தின் பொற்காலம் முடிந்த நாளாகப் பலரும் குறிப்பிடுவது அதைத்தான். விசேஷமான முடிவெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், இன்னொரு வழக்கு, இன்னொரு கணக்கு, அவ்வளவுதான்.

படி 8: பக்கத்துத் தெருக்கள்

பெய்லியும் வர்ஜீனியா கிரெக்கும் சேர்ந்து வேண்டும் என்றால் "லெட் ஜார்ஜ் டூ இட்". 1946 முதல் 1954 வரை, பெய்லியின் இளமைக் குரல், இன்னும் இலகுவான கதைகள். செலவுக் கணக்கு உத்தி பிடித்திருந்தால் 1946இல் தொடங்கிய சாம் ஸ்பேட் தொடரைக் கேளுங்கள். அதில் ஸ்பேடாக வரும் ஹோவர்ட் டஃப் முழு வழக்கையும் தன் செயலாளர் எஃபியிடம் அறிக்கையாகச் சொல்லி எழுத வைப்பார், எஃபியாக லூரீன் டட்டில் குறுக்கே கேட்கும் கேள்விகள்தான் பாதி சுவை. டாலரை விட்டுப் போன டிக் பவல் 1949இல் போய்ச் சேர்ந்த இடம் "ரிச்சர்ட் டயமண்ட்", அதில் கொலைகாரனைப் பிடித்துவிட்டுக் காதலி வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார். அந்தக் காதலியும் வர்ஜீனியா கிரெக்தான்.

இருட்டு பிடிக்கும் என்றால் ஜாக் வெப் நடித்த "பாட் நோவாக் ஃபார் ஹயர்", சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகம், வரிக்கு இரண்டு உவமை, ஒரே உட்காரலில் இரண்டுக்கு மேல் வேண்டாம். அதே ஊரில் 1949 முதல் 1951 வரை ஒரு பெண் துப்பறிவாளர் இருந்தார், "கேண்டி மேட்சன், யூகான் 2-8209". நட்டாலி மாஸ்டர்ஸ் நடிக்க, அவர் கணவர் மாண்டி மாஸ்டர்ஸ் எழுதியது. தப்பிய பகுதிகள் ரொம்பக் குறைவு, ஒரு வார இறுதியில் கேட்டுவிடலாம், அதனால் கடைசிக்கு என்று ஒதுக்கி வைக்காமல் ஜானியின் இரண்டு வழக்குகளுக்கு நடுவில் எங்காவது சொருகிக்கொள்ளுங்கள்.